இருநூறு கிலோ குறைகிறது

இன்று காலை, விற்கப் போட்டிருக்கும் கரவனைப் பார்க்க ஒரு பஞ்சாபி இளைஞனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். நீ படுத்தெழும்பிய அதே பழைய இழுவை வீடுதான். பத்து மாதத்துக்கு மேலாக என் மெரிலேண்ட்ஸ் வீட்டு முற்றத்தில் பூட்டியபடி கிடக்கிறது. அந்தப் பெண் உள்ளே போய்க் கட்டில் பலகையைத் தூக்கினாள். கீழே அடைபட்டுக் கிடந்த தண்ணீர்க் கான்களின் பழைய பிளாஸ்டிக் மணம் வெளியே நின்ற என் மூக்குவரை வந்தது. அவன் கொக்கிக்குப் பக்கத்தில் அறைந்திருக்கும் தகட்டைக் குந்தியிருந்து வாசித்தான். மொத்தம் ஆயிரத்து அறுநூறு கிலோ, வெறும் கரவன் ஆயிரத்து இருநூற்று இருபது, அப்படியென்றால் முந்நூற்று எண்பது கிலோ சாமான் ஏற்றலாம், சரிதானே என்று கேட்டான். சரி என்றேன். அந்த முந்நூற்று எண்பது தண்ணீரோடு சேர்த்தா, தண்ணீர் இல்லாமலா என்று அடுத்துக் கேட்டான்.

அவனை அப்படியே விட்டுவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். என் மனைவி போய் ஏதோ சாட்டுச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு வந்தாள்.

"கரவன் விக்கிற ஆளுக்கு உதுக்குக்கூட மறுமொழி தெரியாதோ?" என்றாள்.

தெரியும். தண்ணீரோடு சேர்த்துத்தான். ஒரு லீற்றர் ஒரு கிலோ. அதை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த சிட்னியில் வேறு எவனுக்கும் தெரியாது. அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

உன்னை முதன்முதலில் கண்டது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாசியில். தடுப்பு முகாமிலிருந்து விட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் தற்காலிக விசாக் கடிதம், காலில் யாரோ கொடுத்த பெரிய சப்பாத்து. என்னைவிட ஒரு வயது மூத்தவன் நீ. ஆனாலும் பார்த்தவுடனேயே "அண்ணை" என்றாய். "ஏன் ஐசே, நான் கிழவன் மாதிரியோ இருக்கிறன்?" என்றேன். "இல்லை, உங்களிட்ட விசா கிடக்கு. விசா உள்ளவர் எல்லாரும் எனக்கு அண்ணைதான்" என்றாய். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பகிடியா உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் அப்போது பிக்கப்பில் கரவனைக் கொழுவிக்கொண்டு, கிரிபித் பக்கத்துத் தோட்டங்களுக்கு அறுவடைக்கு ஆட்களைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். பண்ணைக்காரனோடு கதைக்க எனக்கு இங்கிலிஷ் வரும். சமைக்கவும் படுக்கவும் கரவன். அந்த முதல் பயணத்தில் நீ, தவம், நான் என்று மூன்று பேர். தவம் உன்னோடு ஒரே படகில் வந்தவன், நல்ல தடியன், எதற்கும் சிரிப்பவன்.

கரவனின் முன்பக்கத்து ஜன்னலடியில் முருகன் படத்தை வைத்தீர்கள். விளக்கும் வைத்தீர்கள். சாமி இருக்கிற பக்கம் கருவாட்டுப் பெட்டியும் சப்பாத்துகளும் வைக்கக்கூடாது என்று எல்லாப் பாரத்தையும் பின்னுக்கு அடுக்கினீர்கள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், அம்மி, எல்லாம் பின்னுக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு இறக்கத்தில் கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு பிக்கப்பையே இழுத்து இழுத்து எறிந்தது. "முருகா, முருகா" என்று தவம் கத்தினான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி இருந்தாய். எப்படியோ ஓரம் கட்டினேன்.

பின்னால் வந்த வீதி அதிகாரி ஒருவர் தன் வாகனத்தை நிறுத்தி, எங்களை இறக்கி, ஒவ்வொரு சில்லாக நிறுத்துப் பார்த்தார். நல்ல மனுசன். பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியில் இறங்க வேண்டும், பின்னுக்குக் கூடினால் வால் ஆடும் என்று மண்ணில் கீறிக் காட்டினார். மொத்த நிறையும் அளவைவிடக் கூட என்று எழுதி என்னிடம் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அடுத்தமுறை பிடிபட்டால் லைசென்ஸ் போகும். அந்தக் கடிதம் எனக்குப் பெரிய பயமாகிப் போனது. லைசென்ஸ் இல்லாமல் இந்த ஊரில் நான் என்ன செய்வேன்?

நீ அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "சாமியைப் பின்னுக்கு மாத்துவம் அண்ணை, அவர் கோவிக்கமாட்டார்" என்றாய். அன்றிலிருந்து நிறை உன்னுடைய பொறுப்பு. பழைய சாமான் கடையில் ஒரு குளியலறைத் தராசு வாங்கி வந்தாய். மூட்டையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உன்னுடைய ஐம்பத்தெட்டுக் கிலோவைக் கழித்துச் சொல்லுவாய். மிளகாய்த்தூள் டின்னையும் விடவில்லை. தவத்தை ஏற்றிவிட்டு, "நீ ஒரு ஆள் இல்லை, மூண்டு மூட்டை அரிசி. நடந்து வா" என்பாய். பிக்கப்பில் இருக்கிறவர்களின் நிறையும் கணக்கு என்று அந்த அதிகாரி சொன்னதை நீ மறக்கவே இல்லை. நான் இவ்வளவு அரியண்டம் எதற்கு என்று எரிந்து விழுவேன். நீ காதில் வாங்கமாட்டாய்.

கார்த்திகையில் செர்ரிப் பழம் பிடுங்கப் புறப்பட்டபோது, எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று பிளாக்டவுன் பக்கத்தில் லொறி நிறுக்கும் மேடைக்குக் கரவனைக் கொண்டுபோனேன். உன் கணக்குப்படி ஆயிரத்து ஐந்நூற்று எண்பது. மேடை காட்டியது ஆயிரத்து எழுநூற்று எண்பது. சரியாக இருநூறு கிலோ கூட. "என்ன கோதாரி இது" என்று உள்ளே ஏறி ஒவ்வொன்றாகக் கிளறினேன். கட்டிலுக்குக் கீழே ஏழு கான்கள், ஒவ்வொன்றும் இருபது லீற்றர், கழுத்துவரை நிரப்பி மூடியிருந்தது. தரைக்குக் கீழே இருந்த அறுபது லீற்றர்த் தாங்கியும் முட்ட முட்ட நிறைந்திருந்தது.

"உது என்ன?"

"தண்ணி."

"தண்ணி எண்டு எனக்கும் தெரியுது. ஏன் நிறுக்கேல்லை?"

நீ உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தாய். "தண்ணியை ஆர் அண்ணை நிறுக்கிறது?"

நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். நாடு முழுக்கக் குழாய் கிடக்கிறது விசரா, ஒவ்வொரு பெற்றோல் செட்டிலும் கிடக்கிறது, பாலைவனத்துக்கா போகிறோம் என்று கத்தினேன். நீ மேடையோரச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்தாய். அன்றைக்குத்தான் படகைப் பற்றி வாய் திறந்தாய். பதினேழு நாள் கடலில். ஒன்பதாம் நாள் எஞ்சின் நின்றது, பன்னிரண்டாம் நாள் தண்ணீர் முடிந்தது. உப்புத் தண்ணீரைக் குடித்த ஒருவன் விசர் பிடித்துக் குதித்துவிட்டான். "ஆராவது வருவினம், ஆராவது வருவினம் எண்டு ஆளையாள் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் அண்ணை. இருந்தது மட்டும்தான் செய்தனாங்கள்." அவ்வளவுதான் சொன்னாய். பக்கத்தில் நின்ற தவம், எப்போதும் சிரிக்கிறவன், தலையைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கு மனம் இளகியது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோபமும் போகவில்லை. அன்று ஐந்து கான்களை அங்கேயே கவிழ்த்து ஊற்ற வைத்தேன். அப்போதும் எண்பது கிலோ கூடத்தான் என்றாலும் ஓடினேன், வழி முழுக்கக் கண்ணாடியில் அதிகாரியைத் தேடிக்கொண்டு. ஊற்றும்போது நீ அங்கே நிற்கவில்லை. மேடைக்கு அந்தப் பக்கம் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்தது தை மாதப் பயணம். கிரிபித்துக்கும் அப்பால், வெங்காயம் கிண்ட. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு போன் எடுத்தாய். "இந்தமுறை பிரச்சினை இல்லை அண்ணை. தண்ணியையும் நிறுத்துப்போட்டன். எல்லாம் சேத்து ஆயிரத்து ஐந்நூற்றித் தொண்ணூறு." நான் நம்பவில்லை. ஓம் ஓம் என்று போனை வைத்தேன். இவன் திரும்பவும் கதை விடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம், நீயும் தவமும் தூளும் கருவாடும் வாங்கப் பிளாக்டவுனுக்குப் போனீர்கள். சாமான் ஏற்றிய கரவன் என் வீட்டில் நின்றது. உன்னிடம் சொன்னால் நீ முகத்தைத் தூக்குவாய், நான் கத்த வேண்டும், பிறகு உன்னைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். அந்தக் கரைச்சல் வேண்டாம் என்று நினைத்தேன். அடியில் படுத்துத் தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டேன். கட்டிலுக்கு மேலிருந்த அரிசி மூட்டைகளை இறக்கி, ஏழு கான்களையும் ஒவ்வொன்றாக முற்றத்தில் கவிழ்த்தேன். தண்ணீர் சீமெந்தில் ஓடித் தெருவோரக் காணுக்குள் போனது. வெறும் கான்களை மூடி, இருந்த இடத்திலேயே அடுக்கி, மூட்டைகளைத் திரும்ப மேலே வைத்தேன். கிரிபித்தில் போய் நிரப்பினால் போகிறது. இதுதான் நான் செய்தது. அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

அடுத்த நாள் விடிய லொறி நிறுக்கும் மேடையில் கரவனை ஏற்றினோம். ஆயிரத்து முந்நூற்றித் தொண்ணூறு.

நீ அந்த எண்ணை இரண்டுதரம் வாசித்தாய். "இருநூறு கிலோ குறையுது அண்ணை."

"குறைஞ்சா நல்லதுதானே. ஏறு."

"நல்லதில்லை. கூடினா எங்க எண்டு தேடலாம். குறைஞ்சா எதையோ விட்டிட்டு வாறம்."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நீ உண்மையிலேயே தண்ணீரை நிறுத்திருக்கிறாய். அந்த இருநூறு கிலோவுக்கு இடம் விடுவதற்காக என்னென்ன இறக்கினாய் என்று பிறகு தவம் சொன்னான். அம்மி, இரண்டாவது அடுப்பு, பாதி அரிசி, உன் மெத்தை, உன் உடுப்புப் பை. இரண்டு சாரம், ஒரு சேர்ட்டோடு ஒரு மாத வேலைக்கு வந்திருக்கிறாய். நான் ஊற்றியிருக்கவே தேவையில்லை. நீ சொன்னதை நம்பியிருந்தால் போதும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் இருந்தது. "மிசின் பிழையா இருக்கும்" என்றேன். பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு ஏறினாய். நான் சொன்னால் நீ நம்புவாய்.

நரந்தெராவில் பெற்றோல் அடித்தபோதும் சுவரோரம் ஒரு குழாய் இருந்தது. பக்கத்தில் நீளமான பச்சைப் பைப்பும் சுற்றிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிரப்பத் தொடங்கினால் நீ வந்து ஏன் என்று கேட்பாய். என்ன சொல்லுவது? வெட்கமாக இருந்தது. நாற்பத்தைந்து வயது ஆம்பிளைக்கு, ஒரு பொய் பிடிபடப் போகிறதே என்று வெட்கம். பண்ணைக்காரன் மூன்று மணிக்கு வரச் சொன்னவன், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். கிரிபித்தையும் அதே சாட்டோடு நிற்காமல் கடந்தேன்.

தார் வீதியை விட்டு மண் ரோட்டில் இறங்கி அரை மணித்தியாலம் ஓடியிருப்போம். நல்ல உச்சி வெயில். கைபிடித்த இடமெல்லாம் சுட்டது. பிக்கப்பின் முன்னால் ஆவி கிளம்பி எஞ்சின் நின்றது. ரேடியேற்றர்ப் பைப் வெடித்திருந்தது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. ஒரு மரமும் இல்லை, சாம்பல் நிறப் பற்றைகளும் கம்பி வேலியும்தான்.

நான் பைப்பில் ஒட்டுற ரேப் சுற்றினேன். நீ பிக்கப்புக்குள் இருந்த பத்து லீற்றர்க் கானை எடுத்து வந்தாய். காலையிலிருந்து எல்லோரும் குடித்தது அதைத்தான். நீதான் ஆகக் குறைய, ஒரு மிடறு இரண்டு மிடறு. "பயப்பிடாதேங்கோ அண்ணை, இதை ரேடியேற்றருக்கு ஊத்துவம். குடிக்கிறதுக்குக் கரவனுக்குள்ள இருநூறு லீற்றர் கிடக்குதே" என்றாய். குரலில் ஒரு பெருமை. கடைசியில் உன்னுடைய தண்ணீர் ஒரு தேவைக்கு வந்துவிட்டது.

நீ ஊற்றினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்ப சொல்லுவம், இப்ப சொல்லுவம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசிச் சொட்டும் இறங்கியது. ரேப் பிய்ந்தது. தண்ணீர் எஞ்சினுக்குக் கீழே ஒழுகி, புழுதியில் ஒரு கறுப்பு வட்டம் போட்டது.

"பரவாயில்லை, இன்னும் எடுப்பம்" என்று நீ கரவனுக்குள் ஏறினாய். உள்ளே போறணை போல வெந்தது. நீயும் தவமும் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினீர்கள். பலகையைத் தூக்கி, முதல் கானின் பிடியில் கையைக் கொடுத்து, இருபது கிலோவைத் தூக்குகிற பலத்தோடு இழுத்தாய். அது அப்படியே மேலே பறந்து உன் நெஞ்சில் அடித்தது. நீ பின்னுக்கு விழுந்தாய். தவம் சிரித்தான், பாவி, பகிடி என்று நினைத்து. நீ எழும்பி மற்ற ஆறு கான்களையும் தூக்கிப் பார்த்தாய். பிறகு போய், பாத்திரம் கழுவும் தொட்டியடியில் தாங்கித் தண்ணீரை இழுக்கும் கைப்பம்பை அமத்தினாய். காற்றுத்தான் வந்தது.

"ஊத்திப்போட்டியளோ?"

"ஓம்" என்றேன்.

ஏசியிருக்கலாம் நீ. அடித்திருக்கலாம். இரண்டு கான்களை எடுத்துக்கொண்டு இறங்கினாய். வரும் வழியில் ஒரு வாய்க்காலைக் கடந்தோம், ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கும் என்றாய். நான் மறித்தேன். இந்த நாட்டில் வாகனத்தை விட்டுப் போகக்கூடாது, நிழலில் இரு, பண்ணைக்காரன் தேடி வருவான், ஆராவது வருவினம் என்றேன்.

"ஆராவது வருவினம் எண்டுதான் அண்டைக்கும் இருந்தனாங்கள்."

"அப்ப நான் போறன். நீ இரு."

"நீங்கள் பிறஷர்க்காரன். ஏலாது. தவத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ." தவம் அதற்குள் சத்தி எடுக்கத் தொடங்கியிருந்தான். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தாய். கானல் ஆட, உன் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது.

பண்ணைக்காரன் வரத்தான் செய்தான். இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு, மற்றப் பக்கத்தால், தண்ணீர்ப் போத்தல்களோடு. தவமும் நானும் குடித்தோம். வெட்கமில்லாமல் குடித்தேன். பிறகு உன்னைத் தேடிப் போனோம். நீ குறுக்கு வழி என்று ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறாய். வேலியோரம் குப்புறக் கிடந்தாய். வாய்க்காலுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. இரண்டு கைகளும் இரண்டு கான்களின் பிடியில். உன்னைத் திருப்பி மடியில் வைத்தேன். உடம்பு கொதித்தது, மூச்சு இல்லை. போத்தலைத் திறந்து வாயில் வைத்தேன். உதட்டில் பட்டுக் கடவாயால் வழிந்து மண்ணுக்குள் போனது. திரும்ப வைத்தேன். திரும்பவும் வழிந்தது. பண்ணைக்காரன் என் தோளைப் பிடித்து, போதும் நிறுத்து என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பொலிஸ் கேட்டது. எவ்வளவு தண்ணீர் கொண்டு வந்தீர்கள்? பத்து லீற்றர். அது என்னவாயிற்று? ரேடியேற்றருக்கு ஊற்றினோம். எல்லாம் உண்மை. மற்றதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவுமில்லை. வெயிலைப் பற்றி ஒன்றும் தெரியாத வந்தேறிகள் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். தவத்துக்குத் தெரியும். உன் செத்தவீடு முடிந்த கிழமையே அவன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். போன் எடுத்தால் தூக்குவதில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். நான்தான் உன்னைக் கொன்றது. இதை எழுதிப் பார்க்க இத்தனை மாதம் எடுத்திருக்கிறது எனக்கு.

உன் மனைவிக்கு நான்தான் சொன்னேன். கிளிநொச்சியிலிருந்து லைன் விட்டு விட்டு வந்தது. அழுதாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணை, கப்பல்ல வந்த நாளில இருந்து அவருக்குத் தண்ணியில்லாமல் சாகிறதுதான் பயம். ஒவ்வொரு போனிலயும் அதைத்தான் சொல்லுவார். கடைசியா வாய்க்குத் தண்ணி கிடைச்சதோ?"

"ஓம் தங்கச்சி. நான்தான் பருக்கினனான். குடிச்சவர்."

அந்தப் பக்கம் அழுகை மாறியது. ஆறி அழுகிற அழுகை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை போன் எடுக்கிறாள். அவருக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்த கை உங்கடை கை, நாங்கள் செத்தாலும் மறக்கமாட்டோம் என்கிறாள். கோயிலில் என் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறாளாம். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனைத் தூக்குகிறேன். சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு? உன்னை நினைத்து அவள் நித்திரை கொள்வது அந்தப் பொய்யின் மேல்தான். அதனால் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைத் திட்டு, ஆனால் இதற்காகத் திட்டாதே.

போன கிழமை உன் ஒரு வருசத்து ஆட்டைத் திவசத்துக்கு நாள் கேட்க எடுத்தாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே உன் மகள் போனைப் பறித்துவிட்டாள். ஏழு வயதாம். உன்னைப் போலவே, பீடிகை ஒன்றும் இல்லாமல் நேரே கேட்டாள். "மாமா, அப்பா தண்ணி குடிச்சிட்டு என்ன சொன்னவர்?"

குசினியில் மனைவி நின்றாள்.

"போதும் எண்டு சொன்னவர் பிள்ளை."

அவள் போனை வைக்காமலே தாயிடம் ஓடுகிற சத்தம் கேட்டது. "அம்மா, அம்மா, அப்பா போதும் எண்டவராம்!"